பக்கத்தில் நடந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதம் தொடங்கி தீபாவளிக்குச் சற்று முன்பு முடிந்த விஷயம் இது. இடம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். முடிந்தது என்று எழுதிவிட்டேன். எனக்கு அது இன்னும் முடியவில்லை.

நான் மருத்துவக் கருவிகளுக்கான பொறியியல் படித்தவள். அப்போது சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்தேன். அங்கே நாங்கள் செய்த கருவி ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டால், நடக்கும்போது உடம்பு குலுங்குவதைப் பதிவு செய்யும். அந்தக் குலுங்கலை வைத்து, மாட்டியிருப்பவர் எவ்வளவு வேகமாக நடக்கிறார் என்று கணக்கிட்டுச் சொல்லும். ஒருவர் வழக்கமாக நடக்கும் வேகம் வாரக்கணக்கில் குறைந்துகொண்டே போனால், உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படலாம். நோயாளி வாய் திறந்து சொல்வதற்கு முன்பே அவர் கால் சொல்லிவிடும் என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி பேசிக்கொள்வோம்.

நான் ஊர்க்காரி என்பதால் காஞ்சிபுரத்து நோயாளிகளை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். எல்லோரும் இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள். வார இறுதியில் ஊருக்கு வரும்போது ஒவ்வொரு வீடாகப் போய், பெட்டியைச் சரியாக மாட்டுகிறார்களா, சார்ஜ் போடுகிறார்களா என்று பார்ப்பேன். எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனம் அமைதியாகும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அம்மா ரேஷன் கடைக்கு அனுப்பினாலும் மனதுக்குள் எண் போட்டுக்கொண்டுதான் போவேன்.

அந்த நோயாளிகளில் ஒருவர் கம்பெனி பஸ் டிரைவர். விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டில் ஓய்வில் இருந்தார். மறுபடி பஸ்ஸைத் தொட வேண்டுமானால் உடல் தகுதிச் சான்று வேண்டும். அதுவரை அவர் இடத்தை வைத்திருப்பதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். எதுவரை என்று சொல்லவில்லை.

அவர் மனைவி வீட்டிலேயே தார் சுற்றுகிறவர். தறியில் குறுக்கே ஓடும் ஊடைக்குத் தேவையான நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கும் வேலை. ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். நான் டிரைவரை அண்ணா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. பெட்டியைக் கொண்டு போய்க் கொடுத்த முதல் நாளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

"இது எனக்கு ரெண்டாவது மாமியாரும்மா. எங்க போன, எப்படிப் போன, ஏன் நின்னன்னு கேட்டுக்கினே இருக்கும் போல. நல்லவேளை, அவரத்தான் கேக்குது. என்னைக் கேக்கல."

நாங்கள் மூவரும் சிரித்தோம்.

தினமும் மாலையில் நடக்கச் சொல்லி டாக்டர் அறிவுரை கொடுத்திருந்தார். கணவனும் மனைவியுமாக வீட்டிலிருந்து புறப்பட்டு, ராஜ வீதி வரை போய், கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவார்கள். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் கோயிலுக்குப் போனால் அண்ணா முன்னால் வீசி நடப்பார், அக்கா இரண்டடி பின்னால் வருவார். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நடப்பார்கள். மாரடைப்புக்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். எதிர்வீட்டு அம்மா அதைக் கிண்டல் செய்வார். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் ஜோடி போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பார். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது.

"மாரடைப்பு வந்தாத்தான் எங்க வூட்டுக்காரருக்குப் பொண்டாட்டி கண்ணுக்குத் தெரியுது. இன்னா பண்றது?"

ஆடி பிறந்ததிலிருந்து அவருடைய வேகம் குறைய ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். ஆவணியில், வினாடிக்கு முக்கால் மீட்டரைக்கூடத் தொடாத நிலைக்கு வந்துவிட்டது. எங்கள் திரையில் அவர் பெயருக்கு நேராக மஞ்சள் விளக்கு எரிந்தது. டாக்டர் அவரை வரவழைத்து எல்லாப் பரிசோதனைகளும் செய்தார். இதயம் நன்றாக இருந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்க விட்டுப் பார்த்தார்கள். அங்கே, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்ற பிசியோதெரபிஸ்டைத் தாண்டி விறுவிறுவென்று போனார். எக்ஸ்ரே, ஈசிஜி என்று அலைந்ததில் அன்று அவர் பெட்டியைக் கழற்றி மனைவியின் பைக்குள் போட்டிருந்தார்.

ஆக, மருத்துவமனையில் ஒரு வேகம், வீட்டில் வேறு வேகம். டாக்டருக்கு அந்த ஒரு எண் மட்டும் உறுத்தியது. அது தெளிவாகும்வரை சான்று தருவதற்கில்லை என்றார். அண்ணாவின் முகம் விழுந்துவிட்டது. ஓடச் சொன்னாலும் நான் ஓடுவேன், எதற்கு என்னை உட்கார வைக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வழக்கம்போல நான் காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஒன்று, பெல்ட் தளர்வாக இருக்கலாம். இரண்டு, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெருவில் யாராயிருந்தாலும் மெதுவாகத்தான் நடப்பார்கள். மூன்று, சின்ன அடி வைத்து நடப்பவர்களுக்கு எங்கள் கணக்கு வேகத்தைக் குறைத்துக் காட்டும், அது எங்களுக்கே தெரிந்த குறை. நான்கு, வெறும் பயம். மாரடைப்பு வந்தவர்கள் வீட்டில் ஒரு மாதிரியும், டாக்டர் முன்னால் வேறு மாதிரியும் நடப்பதுண்டு. இன்னும் இரண்டு காரணங்கள் எழுதினேன். எல்லாமே ஒன்று பெட்டியைப் பற்றி இருந்தன, அல்லது அவரைப் பற்றி இருந்தன.

ஒரு சனிக்கிழமை மாலை அவர்களோடு நானும் நடந்தேன். பையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தேன். தெருவில் ஒரு தூரத்தை அளந்து, அவர் அதைக் கடக்கும் நேரத்தைக் குறித்து, பெட்டி சொல்வதோடு ஒப்பிடலாம் என்று நினைத்துப் போனேன். ஆனால் வாசலில் கால் வைத்ததுமே எதிர்வீட்டு அம்மா, என்ன, டாக்டரம்மா பின்னாலேயே காவலுக்கு வருகிறாரா என்று குரல் கொடுத்தார். இன்னும் இரண்டு வீட்டில் தலைகள் எட்டிப் பார்த்தன. அண்ணாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டாப்வாட்ச்சை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா அவர் முழங்கையைத் தொட்டார்.

"மெதுவாப் போங்க. டாக்டர் இன்னா சொன்னாரு?"

அவர் உடனே அடியைச் சுருக்கினார். "இவ வுட மாட்டாம்மா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தெரு திரும்பும் இடத்தில் ஒரு பாயின் தையல் கடை. பிளவுஸ் தைப்பவர். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அக்கா அதில் உட்கார்ந்து, குனிந்து செருப்பு வாரைச் சரி செய்ய ஆரம்பித்தார். இவருக்கு மூச்சு வாங்குகிறது, இரண்டு நிமிடம் நிற்கட்டும் என்றார். அண்ணா நின்றுகொண்டே பாயிடம் லைனிங் துணி விலை ஏறியதைப் பற்றிப் பேசினார். அந்த நேரத்தில் நான் அவர் இடுப்பில் இருந்த பெட்டியின் கிளிப்பை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. பாய் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். அண்ணாவிடம் இல்லை, அக்காவிடம். கேட்காமலே கொண்டு வந்தார்.

அதை நான் பார்த்தேன். டம்ளரின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. அன்று அது எனக்கு ஒரு தகவலாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் செய்தது இதுதான். மருத்துவமனையில் ஸ்டாப்வாட்ச் காட்டிய வேகம் சரி, பெட்டி காட்டுவது தவறு என்று முடிவு செய்தேன். அவருக்கென்று ஒரு திருத்த எண்ணைக் கண்டுபிடித்தேன். பெட்டி சொல்லும் வேகத்தை அதனால் பெருக்கினால், மருத்துவமனை வேகம் வந்துவிடும். ஒவ்வொருவர் நடையும் வேறு மாதிரி என்பதால் இப்படித் திருத்தம் போடுவது எங்கள் வேலையில் வழக்கம்தான். மேலதிகாரி பார்த்துவிட்டுச் சரி என்றார். திரையில் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. சான்று கிடைத்தது. அண்ணா காக்கிச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னார். அன்று நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அவர் வேலைக்குப் போன அடுத்த வாரம் அவருடைய எண்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி நடக்கிறார் என்று பெட்டி சொன்னது. அந்த வயதில் யாரும் அப்படி நடக்க முடியாது. பஸ்ஸின் அதிர்வு கணக்கில் சேர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அவர் பஸ் ஷெட்டிலும் தொழிற்சாலை வாசலிலும் நடந்த நடைதான் அது. என் திருத்த எண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மருத்துவமனையில் ஸ்டாப்வாட்ச் காட்டிய அதே வேகம் வந்தது. பெட்டி சரியாகத்தான் இருந்தது. முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

பிறகு, அவருக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மாலைப் பதிவைத் திறந்தேன். அது மட்டும் பழையபடி மெதுவாக இருந்தது. இடையில் நிறுத்தங்கள். வேலை நாட்களில் அவர் தனியாக நடக்கிறார். ஞாயிறு மாலை தனியாக நடப்பதில்லை.

பாய் நீட்டிய டம்ளர் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று வியாழக்கிழமை. மதியமே லீவு சொல்லிவிட்டு, வேறொருவருக்காக வைத்திருந்த பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது அண்ணா வேலையில் இருந்தார். அக்கா ராட்டைக்கு முன்னால் இருந்தார். தீபாவளிக்கும் அதற்குப் பின்னால் வரும் முகூர்த்தத்துக்கும் சேர்த்து வேலை குவிந்திருந்தது. பக்கத்தில் கத்திரிப்பூக் கலர் நூல் சுற்றிய தார்கள் கூடை நிறைய இருந்தன. நான் பெட்டியை எடுத்து நீட்டி, இதை நீங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு பாய் கடை வரை போய் வர வேண்டும் என்றேன்.

"மாமியாளுக்குப் புள்ளதான வேணும்? மருமவள எதுக்குக் கேக்குது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

புடவைச் செருகலில் பெட்டியை மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். பாய் கடை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை செருப்பு வாரைத் தொடவில்லை. மேல் உதட்டில் வேர்த்திருந்தது. கழுத்துப் பக்கம் துடிப்பது தெரிந்தது. பாய் தண்ணீரோடு வந்தார். நான் போனைத் திறந்து எண்ணைப் பார்த்தேன். வினாடிக்கு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை மாதமாக அண்ணாவின் பெயருக்கு நேராக இருந்த அதே எண்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அவர் மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாகச் சொன்னார். ரொம்ப நாளாகவே இருக்கிறதாம். உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாதாம், நடந்தால்தானாம். அண்ணாவுக்கு மாரடைப்பு வந்த பிறகு, தன் விஷயத்தை எப்படி எடுப்பது என்று விட்டுவிட்டாராம்.

"ஒரு வூட்ல ஒரு நோயாளி போதும்மா. மெதுவாப் போங்கன்னு அவரச் சொன்னா எனக்கும் ஆச்சு. அவருக்கும் நல்லதுதானேன்னு இருந்துட்டேன்."

அவர் வண்டி எடுத்து இப்போதுதான் ஒரு வாரம் ஆகிறது, இப்போது போய்ச் சொன்னால் மறுபடி வீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்றார். நான் விடவில்லை. அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை காலை வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணா வீட்டில் இருக்கும்போது தானே சொல்லிவிடுவதாக அக்கா வாக்குக் கொடுத்தார். நாலு நாள்தானே என்று நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை முற்பகலில் அவர் ராட்டை மேலேயே சாய்ந்துவிட்டார். நூல் வாங்க வந்த தறிக்காரர்தான் பார்த்திருக்கிறார். பாயும் அவருமாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கவாதம். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலால் இதயத்தில் ஒரு வால்வு கெட்டு, வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, அதில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். ஆடியிலேயே வந்திருந்தால் மாத்திரை கொடுத்து இதைத் தடுக்கப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அண்ணாவும் நானும் நின்று கேட்டுக்கொண்டோம்.

அன்று பிற்பகல் முழுவதும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். காக்கிச் சட்டை, இடுப்பில் பெட்டி. நான் வியாழக்கிழமை வந்ததையும், அக்கா நடந்ததையும், அந்த எண்ணையும், என் திருத்தத்தையும் எல்லாம் சொன்னேன். அவர் பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இது தப்பாச் சொல்லலியாம்மா?"

"இல்லண்ணா. சரியாத்தான் சொல்லிச்சு."

டீக்காரர் வந்து போனார்.

"எனக்காக அவ மெதுவா நடக்குறான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவளுக்காக நான் நடந்துக்கினு இருந்திருக்கேன். எனக்கே தெரியல பாரு."

அவருக்காவது தெரியாமல் இருந்தது. என் திரையில் வாரக்கணக்கில் ஒரு பெண்ணின் மூச்சுத்திணறல் மஞ்சளாக எரிந்தது. நான் அதைப் பெருக்கிப் பச்சையாக்கினேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். பிறகு வால்வுக்கும் சிகிச்சை நடந்தது. ஆனால் இடது கை இன்னும் முழுதாக வரவில்லை. நூலைப் பிடித்துவிட அந்தக் கைதான் வேண்டும். இடது காலை லேசாக இழுத்து நடக்கிறார். பேச்சு வருகிறது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு. அண்ணா பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். மாலையில் இருவரும் பாய் கடை வரை போய்த் திரும்புகிறார்கள். எதிர்வீட்டு அம்மா இப்போது கிண்டல் செய்வதில்லை. அவர்கள் நடந்து போகும்போது, தன் வாசலில் நிறுத்திய சைக்கிளை நகர்த்தி வழி விடுகிறார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அவர்களைப் பார்த்தேன். இப்போது பெட்டி அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டி, உதடு ஒரு பக்கம் கோணச் சிரித்தபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இப்ப... என்னைத்தான்... கேக்குது."

நான் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். வேலை அதேதான். யாருடைய நடை வேகம் குறைந்தாலும், பெல்ட்டையும் தெருவையும் பார்ப்பதற்கு முன், இவர் பக்கத்தில் நடப்பவர் யார், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறேன். அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், கேட்காமலே தண்ணீர் நீட்டிய அந்தக் கை ஞாபகம் வருகிறது. அப்போது அவர்கள் பக்கத்தில்தான் நானும் நின்றுகொண்டிருந்தேன், ஒரு கிளிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டு.